ஒரு தடவ கேட்டா போதாதா

அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் மூடி வைங்க சார். எழும்பூர்ல ஏறுனதுல இருந்து பாக்கேன், உதட்ட அசைச்சு அசைச்சுப் படிச்சிக்கிட்டே வாறிய. கோவப்படாதிய. தெரிஞ்சவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு வந்தா அது பாவம். அதான் சொல்லுதேன்.

அட்டையில ஒட்டகம் போட்டிருக்கான். உள்ள ஒரு வரி உருப்படியா இல்ல. இத எழுதுனவன் அரபி படிச்சவன் இல்ல சார், எங்கயாவது லாரி ஓட்டிட்டு வந்தவனா இருப்பான். ‘என்ன’ங்கிறதுக்கு ‘மூ’ன்னு போட்டிருக்கான் பாருங்க. மூவாம் மூ. மாடு கத்துற மாதிரி. ‘மாதா’ன்னு அழகா ஒரு சொல்லு இருக்கு. அத விட்டுட்டு மூ.

எங்க, அடுத்த மாசம் மஸ்கட்டுக்கா? மகளுக்குப் பேறுகாலமா? நல்லது, அல்லா லேசாக்கி வைக்கட்டும். போங்க, பேரப்பிள்ளைய எடுத்துக் கொஞ்சுங்க, கடல் பாருங்க. அந்த ஊர்ப் பேச்ச மட்டும் நாக்குல ஏத்திக்கிடாதிய. கைய ஆட்டியே காரியத்த முடிச்சிட்டு வந்துருங்க. உங்களுக்கு நல்லது.

நான் யாருன்னு சொல்லலியே. அப்துல் பாசித். கடையநல்லூரு. மார்க்கக் கல்வி முடிச்சு ஆலிம் பட்டம் வாங்கி, அதுக்கு மேல அரபியில எம்.ஏ. இப்ப மெட்ராஸ்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில மொழிபெயர்ப்பாளர். அரபு நாட்டுல இருந்து வைத்தியத்துக்கு வாற ஆளுக எத்தன பேருன்னு நினைக்கிய? ஈராக்கு, ஏமன், சூடான், ஓமன். காலையில லிஃப்ட்டுல ஏறுனா நம்ம ஆளு ஒருத்தன் இருக்க மாட்டான். டாக்டர் தமிழ்ல சொல்லுவாங்க, நான் அரபியில சொல்லுவேன். அவன் என்னத்தையோ சொல்லுவான், நான் அதத் திருத்தித் தமிழ்ல சொல்லுவேன்.

ஆமா, திருத்தித்தான் சொல்லணும். அவனுவ பேசுறது அரபியே இல்லங்கேன். ஒருத்தன் ‘ஜ’வ ‘க’ங்கான். ஜபல்னா மலை சார், இவன் கபல்ங்கான். ஒருத்தன் பாதிச் சொல்ல முழுங்குதான். எந்தச் சொல்லுக்கும் கடைசி எழுத்துக் கிடையாது, வால அறுத்த மாடு மாதிரி நிக்கும். ஏழு வருசம் மதரசாவுல பாய்ல உக்காந்து படிச்சவன் நான். அரபியா பொறந்தா மட்டும் அரபி வந்துருமா? அவனுக்கு அது வாயில கிடக்குது, அவ்வளவுதான்.

நான் பேசுனா அவனுவ சிரிப்பானுவ. சந்தோசத்துல. ஒரு ஏமன்காரன் எழுந்து நின்னு எனக்குக் கை தட்டுனான் சார். ‘டிவியில செய்தி வாசிக்கிறவர் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு’ன்னான். நோயாளிக்கு நம்மளால அப்படி ஒரு நிம்மதி.

தமிழ்லயும் இந்தத் தொல்லை உண்டு, இல்லன்னு சொல்லல. எங்க டாக்டர் வசுமதி இருக்காங்களே, ஆபரேஷன்ல கெட்டிக்காரி, ஆனா மெட்ராஸ்லயே பொறந்து மெட்ராஸ்லயே வளந்தவங்க. ‘பாசித், நீங்க பேசுற தமிழ் எனக்குப் பாதிதான் புரியுது’ன்னு ஒருநாள் சொன்னாங்க. எனக்கு சுருக்குன்னுச்சு. எங்க ஊர்த் தமிழ் எப்பேர்ப்பட்டது! அதுல உயிர் இருக்கு, பாசம் இருக்கு, தாய் வயித்துல இருந்து வந்த பேச்சு. புரியலன்னா அது கேக்கவங்க குறை. நான் சொல்லல, மனசுல வச்சிக்கிட்டேன்.

சரி, விசயத்துக்கு வாறேன். கல்ஃபான்னு ஒரு கிழவன். ஓமன்காரன். மஸ்கட் இல்ல, உள்ள, மலைக்கு நடுவுல ஒரு ஊரு. பேரீச்சந்தோப்பும் ஆடும் வச்சிருக்கானாம். பித்தப்பையில கல்லு. அத எடுக்கிறதுக்கு மகன் கூட்டிக்கிட்டு வந்திருந்தான். மகன் பேரு ஸைஃப். அவனுக்கு இங்கிலீசு தட்டுத் தடுமாறி வரும். ஆனா எங்க ஆஸ்பத்திரியில சொந்தக்காரன் மொழிபெயர்க்கக் கூடாது, சட்டம். நான்தான் சொல்லணும். நல்ல சட்டம் அது.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாள் காலையில டாக்டர் ரவுண்ட்ஸ் வாறாங்க. அவங்க ரவுண்ட்ஸ் வாறதப் பாக்கணும் நீங்க, காத்து மாதிரி. பின்னால நாலு சின்ன டாக்டரு, நர்ஸு, அப்புறம் நான். ரூமுக்குள்ள போனா கிழவன் கட்டில்ல சாஞ்சிக்கிட்டு மடியில ஃபிளாஸ்க்க வச்சிருக்கான். அவங்க ஊர்க் காப்பி. பாலும் கிடையாது, சீனியும் கிடையாது, ஏலக்கா போட்ட கசாயம். அதுக்குக் காது இல்லாத குட்டிக் கப்பு, கூட பேரீச்சம்பழம்.

‘வலி இருக்கா கேளுங்க’ன்னாங்க டாக்டர். கேட்டேன். ‘ஹல் தஷ்உரு பி அலமின்?’ எப்படி இருக்கு பாருங்க. ஒவ்வொரு எழுத்தும் அதது இடத்துல நிக்கும்.

கிழவன் ஆரம்பிச்சான். டாக்டருக்கு ஸலாம். டாக்டர் வீட்டுக்காரர் சுகமா, பிள்ளைக சுகமா, உங்க ஊர்ல மழை பெஞ்சுதா. மழைக்கும் பித்தப்பைக்கும் என்ன சார் சம்பந்தம்? நான் டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லல, கேட்டுக்கிட்டு நிக்கேன். கடைசியா ‘மா ஷே உலூம்’ன்னான். சேதி ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லதுன்னு அர்த்தம். சொல்லிட்டுக் கப்புல காப்பிய ஊத்தி டாக்டர் பக்கம் நீட்டுதான்.

‘நல்லா இருக்காராம் டாக்டர், வலி இல்லையாம்’னேன். டாக்டர் சிரிச்சிக்கிட்டே கையெடுத்துக் கும்பிட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க. கிழவன் கப்ப நீட்டினபடியே இருக்கான். அப்புறம் என்கிட்ட நீட்டுனான். ‘உக்காருங்க, ஒரு வாய் குடிங்க’ன்னான். எனக்கு அதுக்கு நேரமா சார்? பக்கத்து ரூம்ல டாக்டர் நிக்காங்க. வேண்டாம்னுட்டு வந்துட்டேன்.

மகன்காரன் வராந்தாவுல பின்னாலயே ஓடி வாறான். ‘உஸ்தாத்’னான், அதாவது வாத்தியாரே. ‘வாப்பாகிட்ட ஒரு நிமிசம் உக்காந்து திரும்பக் கேளுங்க’ங்கான். அரபி எனக்குச் சொல்லித் தாறான்! ‘தம்பி, நான் ஒரு கேள்விய ஒழுங்காக் கேட்டா ரெண்டாம் மட்டம் கேக்கத் தேவையில்ல’ன்னேன். சுத்த அரபியிலதான் சொன்னேன். அவன் மூஞ்சி தொங்கிப் போச்சு.

அன்னைக்கு சாயங்காலமும் அதே கூத்து. நர்ஸு, ‘லேசா காய்ச்சல் அடிக்குது டாக்டர்’னாங்க. டாக்டர் என்னப் பாத்தாங்க. ‘வயித்துல வலி, தோள்பட்டையில வலி எதுவும் இருக்கான்னு நல்லாக் கேளுங்க பாசித். இது முக்கியம்’னாங்க. நல்லாத்தான் கேட்டேன். ஒரு அரபிப் பேராசிரியர் பக்கத்துல இருந்தா எழுந்து மார்க் போட்டிருப்பாரு. கிழவன் அதேதான். ஸலாம், பிள்ளைக, மழை, சேதி ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லது. நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு, ஃபிளாஸ்க்கத் திறக்கக் கை ஆடுது, அப்பவும் காப்பி ஊத்துதான். வலிக்கிறவன் காப்பி ஊத்துவானா சார்? நீங்களே சொல்லுங்க.

‘இல்லையாம் டாக்டர்.’

‘அப்ப நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிரலாம்’னாங்க.

மறுநாள் காலையில கிழவன் பாத்ரூம்ல விழுந்துட்டான். உள்ள பித்தநீர் கசிஞ்சு வயிறு பூரா சீழாம். ரெண்டு நாளா வலியில துடிச்சிக்கிட்டு இருந்திருக்கான், மனுசன் வாயத் திறக்கல. தூக்கிக்கிட்டு ஓடுனாங்க, திரும்ப வயித்தத் திறந்தாங்க. பிழைப்பானா மாட்டானான்னு டாக்டருக்கே தெரியல. தியேட்டர் வாசல்ல மகன்காரன் சுவத்துல தலைய வச்சிக்கிட்டு நிக்கான். நான் கிட்டப் போய் ஆறுதல் சொன்னேன். பொறுமையப் பத்தி நல்ல வாசகமா எடுத்துச் சொன்னேன். அவன் என் சட்டையப் பிடிச்சிட்டான் சார். படிச்சவன் சட்டைய!

‘எங்க ஊர்ல எவனும் மொதல்ல கேட்டதும் கஷ்டத்தச் சொல்ல மாட்டான்’ங்கான். கத்துதான். ‘உக்காரணும், காப்பி குடிக்கணும், ரெண்டாம் மட்டம் கேக்கணும். அப்பத்தான் வாயில வரும். என் பெரியப்பா மவுத்தாகி, அந்தச் சாவுச் சேதியக் கொண்டு வந்தவரும் வாசல்ல நின்னு சேதி ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லதுன்னுதான் சொன்னாரு. எங்க வாப்பா அவரை உக்கார வச்சு ரெண்டாவது கேட்ட பிறகுதான் சொல்லி அழுதாரு. கேட்ட உடனே கஷ்டத்த எடுத்து எதிர்ல இருக்கவன் தலையில போடுறது எங்களுக்கு மரியாதை இல்ல. உங்ககிட்ட நான் சொன்னேன், நீங்க உக்காரல.’

சொல்லும்போது அவன் கண்ணுல தண்ணி. கண்ணுல தண்ணி வந்தா இலக்கணம் சரியாயிருமா? ஒரு வாக்கியத்துல எழுவாய்க்கும் பயனிலைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அத எண்ணிக்கிட்டேதான் நான் நின்னேன்.

இது என்ன வழக்கம் சார்? கேட்டாப் பதில் சொல்லணும். காட்டுமிராண்டித்தனம். நம்ம பக்கத்துலயும் ஒரு முறை இருக்கு, ஒத்துக்கிடுதேன். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட ‘சாப்டியளா’ம்போம். பட்டினியா வந்தவனும் ‘ஆச்சு, ஆச்சு’ம்பான். நாம விடுவமா? கையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சு, ‘ஒரு வாய் சாப்பிடுங்க’ன்னு இலையப் போடுவோம். அவன் சட்டி காலியாகுற வரைக்கும் தின்பான். அது வேற. அது பண்பாடு. அதையும் இதையும் ஒண்ணாச் சேக்க முடியுமா?

என்ன சிரிக்கிய? வடை வேணுமா, கூப்பிடவா? வேண்டாமா. சரி.

கிழவன் பிழைச்சிட்டான். அல்லா காப்பாத்துனான், டாக்டரும் தூங்கல. ஐ.சி.யூ.வுல இருந்து ரூமுக்கு வந்ததும் விசாரணை. மகன்காரன் புகார் குடுத்திருந்தான். மேனேஜரு, டாக்டரு, நான், கட்டில்ல கிழவன். அன்னைக்கு மட்டும் மகனையே மொழிபெயர்க்கச் சொல்லிட்டாங்க. என் வேலைய என் முன்னாலயே அவன்கிட்டக் குடுத்தாங்க. அந்த அவமானம் இருக்கே, அத விடுங்க.

டாக்டர், ‘நான் வலி இருக்கான்னு கேட்டேன், இல்லன்னு எனக்குச் சொல்லப்பட்டுச்சு’ன்னாங்க. என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. மேனேஜர் கிழவனப் பாத்து, என்ன நடந்துச்சுன்னு கேட்டாரு. என் பொழப்பு அந்தக் கிழவன் வாயில தொங்குது. வேர்த்து ஊத்துச்சு எனக்கு, ஏன் பொய் சொல்லணும்.

கிழவன் நெஞ்சுல கைய வச்சிக்கிட்டு மெதுவாச் சொன்னான். ‘இவரு கேட்டாரு. நான்தான் சொல்லல. இவரு வெளியூர் மனுசன், எங்க வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? இவரு சாப்பாட்டுல யாரும் கைய வைக்க வேண்டாம்.’ மகனுக்கு அத மொழிபெயர்க்கவே பிடிக்கல. பல்லக் கடிச்சிக்கிட்டுச் சொன்னான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அரபியில எம்.ஏ. படிச்சவனுக்கு ஒரு ஆட்டுக்காரன் நற்சான்று குடுக்கான். அதுவும் அந்த வாலறுந்த பேச்சுல. ‘வெளியூர் மனுசன்’ங்கான் என்ன! அவன் பாஷைக்கு நான் வெளியூரா, அவன் வெளியூரா?

மேனேஜர் அதுக்கு மேல போயிட்டாரு. ‘பாசித், உங்களுக்கு ஒரு தண்டனையும் இல்ல. பெரியவர் ஊருக்குப் போற வரைக்கும் தினமும் சாயங்காலம் அவர் பக்கத்துல உக்காருங்க. இவங்க எப்படிப் பேசுறாங்கன்னு கத்துக்கங்க. மத்த நோயாளிக கிட்ட அப்புறம் அனுப்புறேன்’னாரு. தண்டனை இல்லையாம். இதவிட என்ன தண்டனை வேணும்? கடலக் குடிச்சவனக் குட்டையில நீஞ்சக் கத்துக்கன்னு அனுப்புதாரு.

போனேன். வேலை வேணும்லா. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன். கிழவன் காப்பிய ஊத்திக் குடுத்தான். குடிச்சேன், கசாயம்தான். ‘என்ன சேதி?’ன்னான். ‘ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லது’ன்னேன். வேற என்ன சொல்ல, அவன்கிட்டப் போயி ஒப்பாரி வைக்கவா? ரெண்டாவது கப்பு ஊத்துனான். ‘வீட்டுல என்ன சேதி?’ன்னான். ‘வீட்டுக்காரி சபூரா ஊர்ல இருக்கா. ஒரே மகன் முனவ்வர், உங்க பக்கம்தான், தம்மாம்ல ஏ.சி. கம்பெனியில இருக்கான். நல்லா இருக்கான்’னேன்.

‘நல்லா இருக்கான்னு யாரு சொன்னா?’ன்னான்.

‘அவன்தான். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போன் போடுவான். எப்படி இருக்கன்னு கேப்பேன். நல்லா இருக்கேன் வாப்பாம்பான்.’

‘ஓ பஅதேன்?’ன்னான் கிழவன். அப்புறம்னு அர்த்தம். ‘ஸும்ம மாதா’ன்னு கேக்கணும் அத. ஓ பஅதேனாம்.

‘அப்புறம் என்ன? போன அவன் உம்மாகிட்டக் குடுப்பேன்’னேன்.

கிழவன் கப்பக் கையில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தான். நானும் இருந்தேன், நேரம் ஆகணுமே. அவனுவகிட்ட இது ஒரு கெட்ட பழக்கம் சார், சும்மா உக்காந்திருப்பானுவ. பேச்சு இல்லாதவனுக்கு வேற என்ன செய்யத் தெரியும்? ஒரு வாரம் அப்படியே ஓடுச்சு. ஊருக்குப் போற அன்னைக்கு என் கையப் பிடிச்சிக்கிட்டு என்னமோ சொன்னான். மகனுக்குப் போன் போடு, நீயே போடு, அவன் போடுறவரைக்கும் காத்திருக்காதன்னு. என் வீட்டு விசயத்துல அவனுக்கு என்ன? தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

இப்ப எங்க போறேன்னு கேக்கிய. ஊருக்குத்தான். லீவு போட்டிருக்கேன். மதுரையில இறங்கி பஸ்ஸு.

முந்தாநாள் சபூரா போன் போட்டா. முனவ்வர் வந்து நிக்கானாம். சொல்லல கொள்ளல, ஒரு பையோட வாசல்ல நிக்கானாம். கம்பெனிய மூடி மாசக்கணக்காச்சாம் சார். யாரோ கூட்டாளி ரூம்ல தரையில படுத்துக் கிடந்திருக்கான். ஒரு நேரச் சாப்பாடு. பாதி உடம்பா வந்திருக்கானாம். வந்ததுல இருந்து யார்கிட்டயும் பேசுறதில்ல, சோத்தப் பிசைஞ்சு வச்சிட்டு எழுந்திருதானாம். ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில நடக்கானாம். ‘எனக்குப் பயமா இருக்கு, உடனே வாங்க’ன்னு அழுதா.

எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு, பொய் சொல்லல. ஒரே பிள்ளை சார். தோள்ல தூக்கி வச்சுத் தர்கா கந்தூரித் திருவிழா காட்டுன பிள்ளை. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல. ஆனா கோவமும் வருது, வராதா? இத்தனை வெள்ளிக்கெழமையும் நல்லா இருக்கேன்னுதானே சொன்னான்? தமிழ்லதானே கேட்டேன்? இதுல என் தப்பு எங்க வந்துச்சு? ‘ஒரு வார்த்தை துருவிக் கேட்டியளா நீங்க’ங்கா சபூரா. மனுசன் வாயத் திறந்து சொன்னத நம்பாம, போலீஸ்காரன் மாதிரித் துருவணுமா?

இருங்க, போன் அடிக்குது. அவன் நம்பர்தான். அவனே போடுதான் பாருங்க.

ஹலோ. வ அலைக்குமுஸ்ஸலாம். ஆமாப்பா, கொடைரோடு தாண்டியாச்சு. கூட்டம் இல்ல, உக்காந்துதான் வாறேன். நீ எப்படி இருக்க?

...

ம்.

...

சரிப்பா. லைன்ல இருக்கியா? ம். சரி, உம்மாகிட்டக் குடு.

சபூரா, என்ன? இப்பத்தான் கேட்டேன். நல்லா இருக்கானாம். அழாத. அவன் வாயாலயே சொல்லிட்டான், அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?